பதில்: இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்

வணக்கம். உங்கள் கதையில் பாத்திரம், களம், முரண் எல்லாம் இருந்தும் நண்பர்கள் இரண்டாம் பக்கத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தீர்கள். தொடக்கத்தைப் படித்தேன். ஊர், ஏரி, நாயகன் முருகேசனின் குலவரலாறு... அவனுக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் தெரிகிறது.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதை எப்படித் தொடங்குகிறது, பாருங்கள். பிராட்வே முனையில் பிள்ளை கணக்குப் போடுகிறார்: டிராம் என்றால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சும், பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்தால் அரைக் கப் காப்பி. சென்னை, அவர் குணம், பற்றாக்குறை மூன்றும் அந்தச் சில்லறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பிறகு கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார், கதை கிளம்பிவிட்டது.

முருகேசன் அடகுக்கடைப் படியில் தாலிக்கொடியோடு தயங்கும் இடம் உங்களிடமும் இருக்கிறதே! அதை முதல் வரியாக்குங்கள். ஏரியை வெட்டிவிடுங்கள், எனக்கும் அது பிடித்திருந்தது என்றாலும்.