“அப்பாவுக்கு அனுப்பிடுவேன்னு மிரட்டுறான்”

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மொபைல் கேமில் பழக்கமான ஒருவன், தானும் ஒன்பதாவதுதான் என்று சொல்லி, இன்ஸ்டாகிராமுக்கு வரவழைத்து, இவனிடமிருந்து உடையில்லாத படம் ஒன்றை வாங்கியிருக்கிறான். என் ஜிபேயிலிருந்து இரண்டு தடவையாக 3,500 ரூபாய் போயிருப்பதைப் பார்த்து நான் கேட்டபோதுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். இன்னும் 10,000 தராவிட்டால் அப்பாவுக்கும் ஸ்கூல் குரூப்புக்கும் அனுப்பிவிடுவானாம். என் கணவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தால் போனை உடைத்துவிடுவார், பையனையும் அடிப்பார். பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஏற்கெனவே இரண்டு முறை பணம் போயும் அவன் நிறுத்தவில்லையே. பத்தாயிரம் கொடுத்தாலும் படம் அவனிடம்தான் இருக்கும். கேட்டால் கிடைக்கிற இடம் என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் இருபதாயிரம் கேட்பான்.

பணத்தைவிட அவசரமான விஷயம் உங்கள் மகன். இதே மாதிரி மிரட்டலில் சிக்கிய பையன்கள் பல நாடுகளில் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தச் சில நாள்கள் ராத்திரியில் அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள், அவ்வளவுதான். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால், அல்லது “நான் இருந்து என்ன” என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், உடனே 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

“ஏன்டா இப்படிப் பண்ணினே?” என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். பதில் உங்களுக்கே தெரியும்: அவன் ஏமாற்றப்பட்டிருக்கிறான். இப்படிப்பட்டவர்கள் கேமில் காசு மாதிரி செலவழிக்கும் டைமண்டை ஓசியில் வாங்கித் தருவார்கள், ஸ்குவாடில் (தங்கள் அணியில்) சேர்த்துக்கொள்வார்கள், நாள் கணக்கில் நன்றாகப் பேசுவார்கள். பிறகு யாருடைய படத்தையோ தன் படம் என்று முதலில் அனுப்பிவிட்டு, “நான் அனுப்பிட்டேன்ல, உன்னோடது எங்கே?” என்பார்கள். இதைத் தொழிலாகவே செய்யும் பெரியவர்களிடம் 14 வயதுப் பையன் என்ன செய்வான்? “நீ என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே இதை நாங்க பார்த்துக்கிறோம்” என்று சொல்லுங்கள். தினமும் ஒருமுறை சொன்னாலும் தப்பில்லை.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர். அவரிடம் இன்றே சொல்லியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘அப்பாவுக்கு அனுப்பிடுவேன்’ என்பது அப்பாவுக்குத் தெரியாத வரைக்கும்தான் மிரட்டல். தெரிந்துவிட்டால் அவன் வேறு எதைச் சொல்லிப் பணம் கேட்பான்? பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், அவர் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். படத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். “நம்ம பையனை ஒருத்தன் மிரட்டிப் பணம் பறிச்சிட்டிருக்கான். நீங்க கூட வந்தாத்தான் போலீஸ்ல சொல்ல முடியும்” என்று தொடங்குங்கள். கோபம் வரத்தான் செய்யும், ஆனால் யார் மேல் வர வேண்டுமோ அவன் மேல் வரும். அந்த போன்தான் கேஸுக்கு ஆதாரம், உடைத்தால் லாபம் மிரட்டுகிறவனுக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆதாரத்தை இன்று ராத்திரியே எடுத்து வையுங்கள். மிரட்டல் மெசேஜ்கள் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் ஆக வேண்டும். அவன் வைத்திருக்கும் பெயர் போதாது, அதை நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். புரொஃபைலின் லிங்கைக் காப்பி செய்து வையுங்கள், கேமில் இருக்கும் ஐ.டி. எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் அந்த இரண்டு பரிவர்த்தனைகளையும் திறந்தால் பணம் போன யுபிஐ ஐ.டி.யும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். இதெல்லாம் கைக்கு வந்தபிறகு அவனை ரிப்போர்ட் செய்து பிளாக் பண்ணுங்கள். சாட்டை அழிக்க வேண்டாம், மகனின் கணக்கையும் மூட வேண்டாம். ஒன்றில் மட்டும் மிகக் கவனம்: ஆலோசனை கேட்கிறேன் என்று மகனின் அந்தப் படத்தை உங்கள் தம்பிக்கோ, தெரிந்த வக்கீலுக்கோகூட வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். குழந்தையின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம்.

பணம் போனதற்கு, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, எதிராளியின் கணக்கில் அதை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. கூடவே, மத்திய உள்துறையின் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் புகாரைப் பதியுங்கள். அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரலாம் என்றாலும் நீங்கள் பெயரோடு கொடுங்கள். அப்போதுதான் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியும். நேரில் போக மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ல் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

“பையன்தானே, இதுக்கெல்லாம் போக்சோ வருமா?” என்று யாராவது கேட்பார்கள். வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ன் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே யாராயிருந்தாலும் குழந்தைதான், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே வந்து, சீருடை இல்லாமல், உங்களை அருகில் வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. இவையெல்லாம் சட்டம் தந்திருக்கும் உரிமைகள், தயங்காமல் கேளுங்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு ஓரளவு பரிகாரம் ‘டேக் இட் டவுன்’. காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் நடத்தும் இலவச சேவை இது. மகனின் போனிலேயே அந்தப் படத்திலிருந்து ஒரு எண் கோர்வையை உருவாக்கும். படம் போனை விட்டு வெளியே போகாது, அந்த எண் மட்டும்தான் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதை வைத்து அதே படம் ஏறினால் அடையாளம் கண்டு நீக்க முடியும். வாட்ஸ்அப்பில் போவதை இது தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனிமேலுக்கு இரண்டு வேலைகள். ஜிபேயின் யுபிஐ பின் எண்ணை மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமில் மகன் எந்தப் பிறந்த ஆண்டைக் கொடுத்திருக்கிறான் என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வயதைக் கூட்டித்தான் கணக்குத் தொடங்குகிறார்கள். சரியான வயது இருந்தால்தான் அந்நியர்கள் மெசேஜ் அனுப்ப முடியாதபடி பதின்வயதினருக்கான கட்டுப்பாடுகள் தானாக வேலை செய்யும். போனை மொத்தமாகப் பிடுங்கி வைக்கச் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டால், அடுத்த முறை உங்களிடம் வர மாட்டான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உங்கள் போன், அவர் போன், பையன் போன் மூன்றும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும்.

பள்ளியைப் பொறுத்தவரை, தலைமையாசிரியரிடம் மட்டும் நீங்கள் இருவரும் போய்ப் பேசுங்கள், வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம். குரூப்பில் படம் ஏதாவது வந்தால் அட்மின் உடனே நீக்க வேண்டும், யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது, நாளை பையன் வகுப்புக்கு வரும்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இந்த மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.