கலைக்கூடங்கள் ஏன் கடல் தாண்டுகின்றன? – கேள்வி பதில்

(ஓவிய விற்பனையில் நீண்ட காலம் இருந்த கண்டிக்காரர் ஒருவர், பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அட்டன்: ஐயா, ஓவியம் விற்கும் ஒரே கலைக்கூடம் பல நாடுகளில் கிளை திறப்பது ஏன்? கோடீஸ்வரர் விமானம் ஏறிப் போய் வாங்க மாட்டாரா?

போவார் தம்பி. வாங்குபவரைத் தேடுவதோடு ஓவியரைக் கைக்குள் வைத்திருக்கவும்தான் கிளை. லண்டனில் ஒரு முகவர், நியூயோர்க்கில் வேறொருவர் என்றிருந்தால் ஓவியருக்குப் பேரம் பேச இடமுண்டு. "எல்லா ஊரிலும் நானே விற்றுத் தருகிறேன்" என்று ஒருவரே வந்தால் அந்த இடம் சுருங்கிவிடும். லொஸ் ஏஞ்சலிஸில் சுவரொட்டி விற்றுத் தொடங்கிய லாரி ககோசியன் 2011இல் ஹொங்கொங்கில் கூடம் திறந்தார். அடுத்த ஆண்டே லண்டன் கலைக்கூடமான வைட் கியூப்பும் அங்கே போனது.

பதுளை: ஏன் எல்லோரும் ஹொங்கொங்?

கலைப்பொருளுக்கு அங்கே விற்பனை வரி இல்லை, பக்கத்திலேயே சீனப் பணம். 1970இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஆர்ட் பாசல் என்ற கலைச் சந்தையும் 2013இல் அங்கே கடை விரித்தது. அந்தச் சந்தையில் யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் குழுவில் இருப்பவர்களும் கலைக்கூடக்காரர்களே! 2018இல் பெரிய கூடமொன்றின் உரிமையாளர் டேவிட் ஸ்விர்னர், பெரிய கூடங்கள் சந்தையில் கூடுதல் வாடகை கொடுத்துச் சிறியவற்றைத் தாங்கலாம் என்றார். தருமம் என்று நினைக்க வேண்டாம். புது ஓவியரைக் கண்டுபிடித்து வளர்ப்பவை சிறிய கூடங்கள். அவை மூடிவிட்டால் பெரியவர்கள் யாரிடமிருந்து பறிப்பது?

தலவாக்கலை: இதுவும் கொழும்புத் தேயிலை ஏலம் மாதிரித்தானே?

இல்லை. தேயிலை ஏலத்தில் தரகுபோகப் பணம் தோட்டக் கம்பனிக்கு வரும் (கொழுந்து பறித்தவருக்கு எவ்வளவு என்பது வேறு கதை). ஓவியமோ முதலில் கூடத்தில் விற்கிறது, பெரும்பாலும் கூடத்துக்கும் ஓவியருக்கும் பாதிக்குப் பாதி. வாங்கியவர் பிறகு ஏலத்தில் விற்று விலை எகிறும்போது வரைந்தவருக்குப் பல இடங்களில் எதுவும் வருவதில்லை.

இந்திய ஓவியர் எம்.எப். ஹுசைனின் 'கிராம யாத்ரா'வை 1954இல் டெல்லியில் ஒரு மருத்துவர் வாங்கினார். அது ஒஸ்லோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. 2025 மார்ச்சில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ஏறத்தாழ 1 கோடியே 38 லட்சம் டொலருக்கு விற்பனையானது. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு தரும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. பிரித்தானியாவில் ஓவியருக்கு 2006 முதலும் வாரிசுக்கு 2012 முதலும் உண்டு. அதற்கும் ஒரு விற்பனைக்கு 12,500 பவுண் உச்சவரம்பு. பல நாடுகளில் ஏலக்கூடம் வைத்திருப்பவர், எந்தச் சட்டத்தின் கீழ் விற்பது என்றும் பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து கிளைகளின் பலத்தில் இதுதான் அதிகம் பேசப்படாதது.

மாத்தளை: ஏல நிறுவனங்கள் யார் கையில்?

கிறிஸ்டீஸ் 1998 முதல் பிரான்சுவா பினோ குடும்பத்திடம், சதபீஸ் 2019 முதல் பட்ரிக் ட்ராஹியிடம். பினோ பெரிய சேகரிப்பாளர். வெனிஸிலும் பாரிஸிலும் சொந்த அருங்காட்சியகங்கள் உண்டு. சேகரிப்பவரே ஏலக்காரரும்!

பண்டாரவளை: ஐயா, நான் ஓவியம் வரைகிறேன். வெளிநாட்டுக் கூடமொன்று உலகம் முழுவதற்குமான தனி விற்பனை உரிமை கேட்கிறது. கையெழுத்திடலாமா?

அப்படியே போடாதே, தங்கச்சி. அவர்கள் உண்மையில் விற்கும் நாடுகளை மட்டும் பெயர் சொல்லி எழுதச் சொல். இலங்கையை உன்னிடம் வைத்துக்கொள். இரண்டு ஆண்டுக்கு மேல் வேண்டாம். விற்று எத்தனை நாளில் பணம் வரும், தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் குறையும், விற்காத படத்தைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது – மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் அளவு, விலை, புகைப்படத்துடன் பட்டியல் போட்டு அவர்களிடம் கையொப்பம் வாங்கு. பிறகு பொதி கட்டு.