பின்னால் ஐந்து வண்டி வந்தால் ஒதுங்குங்கள்: ஆர்.வி. பயணம், கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. கலிஃபோர்னியாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் மோட்டார் ஹோம் (ஆர்.வி., அதாவது கட்டில், சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்பப் போகிறவர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் சில வருடம் வாடகை வண்டியிலும், அப்புறம் சொந்தமாக வாங்கிய 26 அடி வண்டியிலும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் நிறையவே சுற்றியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலைப்பாதையில் வேக வரம்புக்குள்தான் ஓட்டினேன். அப்படியும் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் கையை ஆட்டித் திட்டிக்கொண்டே போனார். நான் என்ன தப்பு செய்தேன்? (சன்னிவேல்)

வேக வரம்பைத் தாண்டாமல் ஓட்டியது சரிதான். ஆனால் கேள்வி அதுவல்ல. உங்கள் பின்னால் எத்தனை வண்டி சேர்ந்திருந்தது என்று கண்ணாடியில் பார்த்தீர்களா? கலிஃபோர்னியாவில் முந்திச் செல்வது ஆபத்தான இருவழிச் சாலையில், மற்ற வண்டிகளின் இயல்பான ஓட்டத்தைவிட மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்தோ அதற்கு மேலோ வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த டர்னவுட்டில் (மெதுவான வண்டி ஒதுங்கச் சாலையோரம் விட்டிருக்கும் இடம்) ஒதுங்கி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, சட்டம். வாஷிங்டன் மாநிலத்திலும் அலாஸ்காவிலும் இதே ஐந்து வண்டிக் கணக்குதான்.

எனக்கு இது எப்படி மனதில் பதிந்தது என்று சொல்கிறேன். முதல் தடவை யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு 120ஆம் நெடுஞ்சாலையில் போனோம். மொக்கசினைத் தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கும், வளைவுக்கு மேல் வளைவு. வண்டி முனகிக்கொண்டு ஏறியது. என் கண் முழுக்க முன்னால் சாலையில்தான். கண்ணாடியை நான் பார்க்கவே இல்லை. மேலே குரோவ்லேண்டில் பெட்ரோல் போட நிறுத்தினேன். பின்னாலேயே வந்த ஒரு பெண்மணி காரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "நீங்கள் விடுமுறையில் போகிறீர்கள். நான் வேலைக்குப் போகிறேன். வழியில் ஒதுங்குவதற்கு எத்தனை இடம் இருந்தது, ஒன்றில்கூட நீங்கள் நிற்கவில்லையே" என்றார். மன்னிப்புக் கேட்டேன். என் ஊரில் யாராவது இப்படி என் வழியை மறித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அதிலிருந்து நான் ஐந்து வரை காத்திருப்பதில்லை. மூன்று வண்டி சேர்ந்தாலே அடுத்த டர்னவுட்டில் ஒதுங்கிவிடுவேன். அதிகம் போனால் ஒரு நிமிடம் ஆகும். பின்னால் யாரும் இல்லாத சாலையில் ஓட்டும்போது நமக்கே தோள் இறங்கும், மூச்சு சீராகும்.

அதே ஏற்றத்தில் பழைய சாலை ஒன்றும் உண்டு, ஓல்ட் பிரீஸ்ட் கிரேடு. தூரம் குறைவு என்று ஃபோன் மேப் அதைக் காட்டினாலும் ஆர்.வி.யை அதில் விடாதீர்கள். ஏற்றம் மிகச் செங்குத்து.

ஒதுங்க இடமே இல்லை என்றால்? (அதே நண்பர்)

அப்போது ஒதுங்கக் கூடாது. மண் ஓரத்தில் பாதி வண்டியை இறக்குவது ஆபத்து, மழைக்காலத்தில் அப்படியே சரியும். டர்னவுட் வரும்வரை சீராகப் போங்கள். பலகை கண்ணில் பட்டதுமே வலப்பக்கம் சிக்னல் போட்டுவிடுங்கள், பின்னால் இருப்பவருக்கு அந்த விளக்கே பாதி ஆறுதல். இன்னொன்று: கையைக் காட்டி "முந்திப் போ" என்று யாருக்கும் சொல்லாதீர்கள். எதிரே வளைவில் என்ன வருகிறது என்று உங்களுக்கும் தெரியாது.

இறக்கத்தில் முன்னால் போகும் கார்களுக்கு இடைவெளி விட்டுப் போகிறேன். அந்த இடைவெளியில் யாராவது நுழைந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஆத்திரமாக வருகிறது. (சாக்ரமென்டோ)

வரத்தான் செய்யும், நியாயமான ஆத்திரம்தான். ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டிய வண்டி என்றால் முழுச் சுமையோடு 14,500 பவுண்டு வரை இருக்கலாம், அதாவது ஆறரை டன். அது நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று காரில் வந்து நுழைகிறவருக்குத் தெரியாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி இடைவெளியை உண்டாக்குங்கள். திரும்ப ஒருவர் நுழைந்தால் திரும்பவும் அதையே செய்யுங்கள். நாள் முழுக்க இருபது பேர் நுழைந்தாலும் போய்ச் சேர ஓரிரு நிமிடம்தான் தாமதம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், டோ-ஹால் பொத்தான் (கியரைக் குறைவாகவே வைத்திருக்க உதவுவது) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தம் ஏறும், பயப்பட வேண்டாம். கருகின வாடை வந்தால்தான் பயப்பட வேண்டும், அது பிரேக் சூடாகிவிட்டதற்கு அடையாளம்.

பெரிய லாரி கடக்கும்போது வண்டி ஆடுகிறது. என் மனைவி அலறுகிறார். (ஃபீனிக்ஸ்)

லாரி இடப்பக்கம் நெருங்கும்போது அதன் முகப்புக் காற்று நம்மை வலப்பக்கம் தள்ளும். பாதி கடந்ததும் லாரிப் பக்கமாக இழுப்பது போல இருக்கும். கண்ணாடியில் லாரி வருவது தெரிந்ததுமே இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெடுக்கென்று திருப்பாதீர்கள். லாரியின் வால்பகுதி உங்களைத் தாண்டி, அவர் பாதுகாப்பாக உங்கள் தடத்துக்குள் வரலாம் என்றால் முகப்பு விளக்கை ஒரு தடவை மினுக்குங்கள். உள்ளே வந்ததும் பெரும்பாலும் அவர் பின்விளக்கை மினுக்கி நன்றி சொல்வார். பாலைவனச் சாலையில் இரவு எட்டு மணிக்கு முகம் தெரியாத ஒருவர் அப்படிச் சொல்லும் நன்றி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

லாரிக்காரர்கள் பற்றி இன்னொரு விஷயம், இதை யாரும் கேட்கவில்லை ஆனாலும் சொல்கிறேன். டிரக் ஸ்டாப்பில் லாரிகளுக்குக் கோடு போட்ட நீளமான இடத்தில் ராத்திரி நம் வண்டியைப் போட்டுத் தூங்காதீர்கள். சரக்கு லாரி டிரைவர்கள் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அடுத்து 10 மணி நேரம் ஓய்வில் இருந்தே ஆக வேண்டும். ஓட்டும் நேரம் முடியப் போகிற டிரைவருக்கு அந்த ஒரு இடம்தான் அன்றைய படுக்கை. நமக்கு வேறு இடம் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது.

பெட்ரோல் பங்கில் வெளியே திருப்பும்போது பின்பக்கம் மஞ்சள் கம்பத்தில் உரசிவிட்டது. முன்பக்கம் நன்றாகத் தள்ளித்தான் போனேன். (சான் டியேகோ)

முன்பக்கம் தள்ளிப் போனதால்தான் உரசியது. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி நீங்கள் திருப்பும் திசைக்கு எதிராக வீசும். இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் போகும். பங்கை விட்டு வெளியேறும்போது பின்சக்கரம் கம்பத்தைத் தாண்டும்வரை நேராக வந்து, பிறகுதான் திருப்ப வேண்டும். வால் எவ்வளவு வீசுகிறது என்று காலி பார்க்கிங்கில் ஒருவரை நிற்க வைத்து ஒரு தடவை பாருங்கள், அப்புறம் மறக்காது.

ரிவர்ஸ் எடுக்கும்போது கணவன் மனைவி சண்டை வராத குடும்பத்தை நான் கேம்ப்கிரவுண்டில் (வண்டியோ கூடாரமோ போட்டுத் தங்கும் இடம்) பார்த்ததில்லை. "இந்தப் பக்கம்" என்றால் யாருடைய பக்கம்? "வா வா" என்றால் எவ்வளவு தூரம்? நம் ஊர் பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரே இடத்தில் நின்று பின்பக்கத்தைத் தட்டி "வரலாம், வரலாம்" என்பார், "ஹோல்டான்" என்றால் டிரைவர் காலை பிரேக்கில் வைத்துவிடுவார். அதில் விவாதமே கிடையாது. எங்கள் வீட்டில் அதே சொற்கள்தான். கூடவே ஒரு விதி: வழிகாட்டுகிறவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி நகரவே கூடாது.

அண்ணா, குழந்தைக்கு ராத்திரி ஏசி இல்லாமல் தூக்கம் வராது. கேம்ப்கிரவுண்டில் ஜெனரேட்டர் போடலாமா? (ஃப்ரீமான்ட்)

ராத்திரி போடாதீர்கள் தம்பி. உங்களுக்குப் பக்கத்தில் துணிக் கூடாரத்தில் இன்னொரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். யோசெமிட்டியில் ஜெனரேட்டர் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். மற்ற பூங்காக்களில் நேரம் மாறும், வாசல் பலகையில் இருக்கும். ஏசி அவசியம் என்றால் மின் இணைப்பு உள்ள தனியார் பார்க்கில் இடம் பிடியுங்கள். மலையில் பெரும்பாலும் ராத்திரி குளிரே அடிக்கும், ஜன்னலைத் திறந்தால் போதும்.

தாமதமாக வந்து சேர்கிறீர்களா? முகப்பு விளக்கைக் குறைத்து, கதவை மெல்லச் சாத்தி, மற்ற வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் சைட்டுக்குள், அதாவது அவர்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள், புகுந்து குறுக்கே நடக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அந்த ராத்திரிக்கு அது அவர்கள் வீட்டு வாசல்.

டம்ப் ஸ்டேஷனில் (வண்டியின் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் இடம்) ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். முன்னால் இருந்தவர் நிதானமாக மிதியடி எல்லாம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்கலாமா? (லிவர்மோர்)

கேட்கலாம், மெதுவாக. "உங்களுக்கு ஏதாவது கை கொடுக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள், எனக்கு அது வேலை செய்திருக்கிறது. பலருக்கு அது முதல் தடவை, குழாயை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பார்கள்.

நம் முறை வரும்போது: கையுறை போட்டாயிற்றா, குழாய் இரண்டு முனையும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பிளாக் டேங்க் (கழிவறைக் கழிவு), அது காலியானதும் கிரே டேங்க் (சிங்க், குளியல் தண்ணீர்). அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். பிறகு வண்டிப் பக்கத்திலிருந்து குழாயைக் கையால் தூக்கித் தூக்கி வந்தால் மிச்சமும் இறங்கிவிடும். சிந்தியதைக் கழுவி, மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். குடிநீர் என்று எழுதிய குழாயில் கழிவுக் குழாயைக் கழுவவே கூடாது. அடுத்து வருகிறவர் அதில்தான் குழந்தைக்குத் தண்ணீர் பிடிப்பார்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. சாம்பார், எண்ணெய், சோற்றுப் பருக்கை எதையும் சிங்க்கில் விடாதீர்கள். இரண்டே நாளில் கிரே டேங்க் நாறும். தட்டைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

மீன் வறுத்தால் பக்கத்துச் சைட்காரர்கள் முகம் சுளிப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. (சான் ரமோன்)

கூச்சமே வேண்டாம் அம்மா. அவர்கள் பன்றி இறைச்சியைப் பொரிக்கும் வாடை நமக்கு வருகிறது, நம் வஞ்சிரம் அவர்களுக்குப் போகிறது. வெளியே மேஜையில் அடுப்பு வைத்து வறுங்கள். உள்ளே மிளகாய் தாளித்தால் புகை அலாரம் கத்தும், அதுவும் காலை ஆறு மணிக்கு என்றால் பத்து சைட் எழுந்துவிடும். கரடி உள்ள இடமாக இருந்தால் சாப்பிட்டு முடித்த கையோடு பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஓடும்போது பின்னால் கட்டிலில் படுத்துக்கொள்ளலாமா? (சான் ஹோசே)

வேண்டாம். திடீர் பிரேக்கில் கட்டிலில் இருப்பவர் முன்னால் வந்து விழுவார். பெல்ட் உள்ள இருக்கையில்தான் உட்கார வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அரை மணி நேரம் கால் நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். வீட்டையே கூட்டிக்கொண்டு வந்திருப்பதன் சௌகரியம் அதுதானே.

வால்மார்ட் பார்க்கிங்கில் ராத்திரி தங்கலாம் என்கிறார்களே? (ரீனோ)

சில கடைகளில் விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். உள்ளே போய் மேலாளரிடம் கேளுங்கள். சரி என்றால் ஓரமாக நிறுத்தி ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். நாற்காலி போடுவது, அடுப்பு மூட்டுவது எல்லாம் கூடாது. அப்படிச் செய்தவர்களால்தான் பல ஊர்களில் இந்த அனுமதி போய்விட்டது.

கிளேசியர் பூங்காவுக்கு 25 அடி வண்டியில் போகிறோம். ஏதாவது பார்க்க வேண்டுமா? (சியாட்டில்)

ஆமாம், கோயிங்-டு-தி-சன் சாலையின் நடுப்பகுதியில், அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டிலிருந்து ரைசிங் சன் வரை, பம்பர் உட்பட 21 அடிக்கு மேலும் கண்ணாடி உட்பட 8 அடி அகலத்துக்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. உங்கள் வண்டி போகாது. வண்டியைக் கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டுப் பூங்காவின் ஷட்டில் பஸ்ஸில் போங்கள். சயான் பூங்காவின் சுரங்கப்பாதைக்கும் பெரிய வண்டிகள் மேல் கட்டுப்பாடு உண்டு, கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் பாருங்கள்.

வாடகை வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக, ஏசி மூடியையும் சேர்த்து உயரம், அப்புறம் நீளம், அகலம் மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டீரிங்குக்கு மேலே ஒட்டுங்கள். என் தாளில் 11 அடி 3 அங்குலம் என்று இருக்கிறது.