சட்டையும் நனையாமல், சைக்கிளும் காணாமல் போகாமல்

கேள்வி: சுவாமிமலையிலிருந்து கும்பகோணம் ஆபீசுக்குத் தினமும் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறேன். ஒரு வழிக்கு 8 கி.மீ. இருக்கும். போய்ச் சேர்வதற்குள் சட்டை தொப்பலாகிவிடுகிறது. பேன்ட்டில் செயின் மை வேறு. ஆபீசில் வண்டியை வெளி வாசலில்தான் விட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: நிதானமாக மிதித்தால் அரை மணி நேரப் பாதை. டெல்டாவில் ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலம்தான். கியர் வண்டிக்கு அவசியமே இல்லை. கவனிக்க வேண்டியது காற்று. காலையில் நீங்கள் கிழக்கே போகிறீர்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று முதுகில் தள்ளும். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் காற்றும் நீங்களும் ஒரே திசையில் போவதால் உடம்பில் காற்றே படாது, வேர்வை காயாது. அந்த நாட்களில் இன்னும் மெதுவாகப் போங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் நேர் முகத்தில்தான். முன்விளிம்பு வைத்த ஹெல்மெட் நல்லது.

ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு மிதிக்காதீர்கள். பருத்தி வேர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய பாலியஸ்டர் டிஷர்ட்டில் வாருங்கள். சட்டையைச் சுருட்டிப் பையில் வையுங்கள், மடித்தால் கோடு விழும். பை முதுகில் வேண்டாம், கேரியரில் கட்டுங்கள். வந்தவுடன் சட்டை மாற்றுவதுதான் பலரும் செய்யும் தப்பு. மிதிப்பதை நிறுத்திய பிறகும் வேர்வை ஊறும். ஃபேனுக்கடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, ஈரத்துண்டால் துடைத்த பிறகு மாற்றுங்கள். ஷூவை ஆபீசிலேயே வைத்துவிட்டு, பின்வார் உள்ள செருப்பில் வரலாம்.

மை ஒட்டக் காரணம் பெரும்பாலும் பழைய இன்ஜின் ஆயிலோ கிரீஸோதான். புழுதியைப் பிடித்துக் கறுப்பாக்கிவிடும். துணியால் செயினை நன்றாகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். முழு செயின் கவர் போட்டால் தொல்லையே இல்லை. கறை பட்டுவிட்டால் தண்ணீர் படுமுன் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு போடுங்கள். சுடிதார் போடுபவர்கள் துப்பட்டாவை முடிச்சிட்டுக்கொள்வதோடு பின்சக்கரத்துக்கு சாரி கார்டும் மாட்ட வேண்டும்.

ஐப்பசி மழைக்குச் சட்டை, பேன்ட் தனித்தனியாக உள்ள ரெயின்கோட். தலைவழி மாட்டும் அங்கி காற்றில் உப்பி வண்டியைச் சாய்க்கும். பைக்குள் உர மூட்டையின் உள்ளுறை ஒன்று, நன்றாகக் கழுவியது, போதும்.

இனி பூட்டு. வண்டியோடு வரும் பின்சக்கரப் பூட்டு, சக்கரம் சுற்றாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆள் தூக்கி மினிவேனில் போட்டுக்கொண்டு போய்விடலாம். மெல்லிய நம்பர் பூட்டுக் கம்பி கட்டிங் பிளேயருக்கே தாங்காது. 8 மி.மீ. கண்ணியுள்ள சங்கிலி வாங்கி, ஃபிரேம், பின் ரிம் இரண்டுக்குள்ளும் விட்டு ஜன்னல் கிராதியோடு பூட்டுங்கள். தொளதொளவென்று தரையில் கிடக்கக் கூடாது. தரையில் வைத்துச் சுத்தியால் அடிப்பது சுலபம். வண்டியை மேலே தூக்கிக் கழற்றிவிடக்கூடிய குட்டைக் கம்பத்தில் கட்டினால் பூட்டியும் பிரயோஜனமில்லை.

ரயிலேறித் தஞ்சாவூர் போகும் நாளில் ஸ்டேஷன் ஸ்டாண்டில் விடுவதாயிருந்தால் நேர்மாறு: எதோடும் கட்டாதீர்கள். இடம் பண்ண ஸ்டாண்டுக்காரர் வண்டியை நகர்த்துவார். கட்டியிருந்தால் இழுத்து பிரேக் லீவரை வளைத்துவிடுவார். சங்கிலியை ஃபிரேம், சக்கரத்தோடு மட்டும் போட்டு, டோக்கனைப் பர்ஸில் வையுங்கள்.

பெடல் அச்சுக் குழாயின் அடியில் பெரும்பாலான வண்டிகளில் எண் பொறித்திருக்கும். அதைப் போனில் படம் எடுத்து பில்லோடு வையுங்கள். அது இல்லாவிட்டால் புகாரில் ‘கறுப்பு கலர் சைக்கிள்’ என்றுதான் எழுத முடியும்.