மூணு சுற்றா, நேர்ரோடா?

அன்புள்ள ஐயா,

'மாரியோ கார்ட் வேர்ல்ட்' என்ற கார் பந்தய வீடியோ கேம் எனக்கு உயிர். ஆனால் 2025 ஜூனில் வெளிவந்த நாளிலிருந்து ரசிகர்களே அதைத் திட்டுகிறார்கள். முதலில் விலை, அப்புறம் பந்தயத் தடம். பிடிக்காவிட்டால் விளையாடாமல் போகலாமே? ரசிகன் என்று சொல்லிக்கொண்டு திட்டுவது என்ன ரசனை?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

விலையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 80 டாலர். முந்தைய 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' 60தான். ஏப்ரலில் அதைத் தயாரித்த நிண்டெண்டோ நிறுவனம் நேரலையில் ஆட்டத்தைக் காட்டியபோதே 'விலையைக் குறை' என்று அரட்டைப் பகுதி நிரம்பி வழிந்தது. இதை விளையாடத் தேவையான ஸ்விட்ச் 2 கருவியோடு சேர்த்து வாங்கியவர்களுக்கு 50 டாலர் கணக்கில் கிடைத்தது என்பதும் உண்மை. காசு கொடுப்பவன் முனகத்தான் செய்வான்.

தடத்தின் கதை வேறு. ஜூனில் டல்லாஸிலிருந்து பேரன் வந்திருந்தான். வளவில் தூணோரம் சாய்ந்து, ஆத்தங்குடிக் கல்லில் காலை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க ஆட்டம். இணையத்தில் மற்றவர்களோடு ஓட்டும்போது அடுத்த தடம் எது என்று வாக்களிக்க வேண்டும். இவன் கண்ணை மூடிக்கொண்டு, 'ஏதாவது ஒன்று' என்று விட்டுவிடுகிற 'ரேண்டம்' பட்டனைத்தான் அமுக்குவான். ஏனடா என்றேன்.

"மத்ததுல ரோட்டுலயே போகணும் ஐயா. இதுலதான் மூணு ரவுண்டு வரும்."

ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குச் சாலை வழியே ஓட்டிப்போய், சேர்ந்த இடத்தில் ஒரே சுற்று. அதுதான் இந்த ஆட்டத்தின் புதுமை. 24 பேர் ஓட்டுகிறார்கள், ஆனால் அகலமான நேர்ரோட்டில் ஆளுக்கொரு பக்கம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பிடித்திருந்தது. பொழுது சாய்கிறது, மழை வருகிறது. ஓட்டுகிற பேரனுக்குக் கொட்டாவி. ரேண்டம் என்பது ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த சந்து. ஜூன் கடைசியில் ஒரு அப்டேட் வந்து அந்தச் சந்துவழியையும் அடைத்தது. அன்று அவன் பணியாரத்தைக்கூடத் தொடவில்லை.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு, போக வர இத்தனை மைல் என்று கணக்கு. அதுவும் ரோடுதான். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் எல்லையில், வண்டி திரும்புகிற இடத்தில் போய் நிற்பார்கள். நேர்ரோட்டில் மாடு ஓடுகிறது. திருப்பத்தில்தான் சாரதி ஓட்டுகிறான். மூணு சுற்று என்றால் அதே திருப்பம் மூணு தடவை வரும். முதல் சுற்றில் கோட்டை விட்டதை மூன்றாவதில் பிடிக்கலாம். அதைத்தான் ரசிகர்கள் கேட்டார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஜூலை கடைசியில் வந்த அப்டேட்டில் சுற்றுத் தடங்கள் கூடுதலாகத் தேர்வுக்கு வந்தன. திட்டு காதில் விழுந்திருக்க வேண்டும்.

பந்தயம் முடிந்து டீக்கடையில் சாரதியைக் கிழிகிழி என்று கிழிப்பவர்கள் யார் தம்பி? மாடு வளர்க்கிறவர்கள்தான். பந்தயமே பிடிக்காதவர் அன்றைக்கு வெயிலுக்குப் பயந்து வீட்டில் படுத்திருப்பார்.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். போனில் கேட்டேன். இன்னும் திட்டிக்கொண்டேதான் விளையாடுகிறானாம்.