ஒரு எண்ணின் காரணிகளை விடாமல் எழுதுவது எப்படி? பகா எண்ணா (பிரைம், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) என்று சோதிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்தலாம்?

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் 180-இன் காரணிகளில் இரண்டு மூன்றை விட்டுவிடுகிறாள், 667-ஐ பிரைம் என்று எழுதி மார்க்கைக் கோட்டை விட்டாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தப்புக்கும் காரணம் ஒன்றுதான்: எதுவரை பார்க்க வேண்டும் என்று தெரியாதது.

காரணிகளை ஒற்றையாகத் தேடக் கூடாது. ஜோடியாக எழுதச் சொல்லுங்கள்:

1×180, 2×90, 3×60, 4×45, 5×36, 6×30, 9×20, 10×18, 12×15

இடது பக்கம் ஏறும், வலது பக்கம் இறங்கும். 13×13 = 169, 14×14 = 196. ஆக 13 வரை பார்த்தால் முடிந்தது. அதற்கு மேல் எந்தக் காரணி இருந்தாலும் அதன் ஜோடி 13-க்குள் வந்திருக்கும், இல்லையென்றால் பெருக்கல் 180-ஐத் தாண்டிவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் 10×18 எழுதியதும் பேனாவை வைத்துவிடுவார்கள். 12, 15 இரண்டும் அப்படித்தான் விட்டுப்போகின்றன.

விட்டிருக்கிறதா என்று பார்க்க: 180 = 2²×3²×5. அடுக்குகள் 2, 2, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள், 3×3×2 = 18. பட்டியலில் 18 இல்லையென்றால் மறுபடி தேட வேண்டும். 144 போன்ற வர்க்க எண்ணில் 12×12 வரும். 12-ஐ ஒரு முறைதான் எண்ண வேண்டும், அதனால் காரணிகள் 15.

மடங்குகளில் சிக்கல் குறைவு. என்.சி.இ.ஆர்.டி புத்தகத்தில் இட்லி-வடை விளையாட்டு இருக்கிறது: 3-இன் மடங்குக்கு இட்லி, 5-இன் மடங்குக்கு வடை, இரண்டுக்கும் பொதுவான 15, 30, 45-க்கு இட்லி-வடை. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து விளையாடினால் எல்.சி.எம் (மீச்சிறு பொது மடங்கு) தானாகப் புரிந்துவிடும்.

இனி 667. 25×25 = 625, 26×26 = 676. எனவே 25-க்குள் உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். ஒற்றைப்படை, அதனால் 2 போகாது. கடைசி இலக்கம் 7, அதனால் 5-ம் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 19, அதனால் 3-ம் இல்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 2, 11-க்கு 7, 13-க்கு 4, 17-க்கு 4, 19-க்கு 2. கடைசியாக 23: மீதி இல்லை, 23×29. ஒரே ஒரு எண் முன்னால் நிறுத்தியிருந்தால் பிரைம் என்றுதான் எழுதியிருப்போம். இதே சோதனையை 677-க்குப் போடுங்கள். 23 வரை எதுவும் போகாது, அது பகா எண்தான்.

“2, 3, 5, 7-ஆல் போகாவிட்டால் பிரைம்” என்று டியூஷனில் சொல்வது 121-க்குக் கீழே மட்டும் சரி. 143 (11×13), 221 (13×17), 323 (17×19) எல்லாம் அதில் ஏமாற்றும். 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. 2 மட்டுமே இரட்டைப்படைப் பகா எண்.

பயிற்சிக்கு பெங்களூர் பின்கோடு நல்ல சரக்கு. 560-ஐ 7 மீதியின்றி வகுக்கும், அதனால் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே 7-இன் மடங்கா என்று தெரிந்துவிடும்: 560091-இல் 91 = 7×13, ஆக போகும். ஆனால் ஒரு பின்கோடு பிரைமா என்று முழுதாகச் சோதிக்க 743 வரை 132 பகா எண்களால் வகுக்க வேண்டும். அது கம்ப்யூட்டர் வேலை. அதற்கு நிரல் எழுதும்போது, n சோதிக்கும் எண், i வகுக்கும் எண் என்றால், i*i <= n என்று வையுங்கள்; <-ஐ மட்டும் போட்டால் 289, 361 போன்ற வர்க்கங்கள் பிரைம் என்று வந்துவிடும்.

மிகப் பெரிய எண்களுக்கு இப்படி வகுத்துக்கொண்டே போக முடியாது. ஃபெர்மா சோதனை இருக்கிறது: n பகா எண் என்றால், அதனால் வகுபடாத எந்த முழு எண் a-வையும் (n−1) அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். ஆனால் மீதி 1 வந்துவிட்டதால் மட்டும் n பகா எண் ஆகிவிடாது. தொட்டபள்ளாபூர் பக்கத்துப் பின்கோடுகளின் முதல் மூன்று இலக்கமான 561-ஐ எடுங்கள். அது 3×11×17. ஆனாலும் அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த a-வைப் போட்டாலும் மீதி 1-தான். இப்படி ஏமாற்றும் பகு எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர்; அவற்றில் மிகச் சிறியது அதுவே. இதனால்தான் நிரல்களில் இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள்.