ஐந்தாம் மாதமும் மாமியார் ஊற்றும் நெய்யும்

வணக்கம் சகோதரி. கோபியில் மாமியார் பருப்புச் சோற்றுக்கு வேளைதோறும் இரண்டு கரண்டி நெய் ஊற்றுவதாகவும், அது நஞ்சுக்கொடியைக் கெடுக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். நெய்யிலும், அதைவிட மிகுதியாகப் பாமாயிலிலும் உள்ள பால்மிட்டிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு, ஆய்வகத்தில் அதிக அளவில் கொடுக்கப்படும்போது நஞ்சுக்கொடிச் செல்களில் அழற்சியைத் தூண்டி, அவற்றுக்குள் புரதங்கள் உருப்பெறும் வேலையையும் தடுமாறச் செய்கிறது. நிறைவுறாக் கொழுப்பான ஒலியிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது. ஆனால் ஆய்வகத் தட்டில் வளரும் செல்லும் உங்கள் வயிறும் ஒன்றல்ல. இதுவரை உண்டதை எண்ணி அஞ்ச வேண்டாம்.

ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறக்குறைய 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. 2000 கலோரி உண்பவருக்கு நாள் வரம்பு சுமார் 22 கிராம். அன்போடு ஊற்றுபவரிடம் மறுப்பது கடினம்தான். நாளுக்கு இரண்டு தேக்கரண்டி போதுமென்று சொல்லி, தாளிப்புக்கு ஒலியிக் அமிலம் நிறைந்த செக்குக் கடலை எண்ணெயைக் கேளுங்கள்.